அக்காவை மோகனூருக்கு அழைத்துப் போவது

என் எழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். நாலு பேர் கூடி உட்கார்ந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காகிதம் என்னைத் திரும்பிப் பார்க்காது. அதனால் இதில் எழுதுகிறேன்.

நான் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை செய்தவன். திருச்செங்கோட்டுப் பக்கத்து வண்டி ஒன்று கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போனபோது நானும் பின்னாலேயே விமானம் ஏறினேன். தான்சானியாவில் ஆறு வருடம். நடுவில் ஒரு தடவை ஊருக்கு வர இருந்தேன். அந்த வருடம் உலகத்தில் விமானங்களே நின்றுபோயின.

அங்கேயும் மண் சிவப்புதான். வெட்டவெளியில் வயிறு பெருத்த மரங்கள் ஒன்றிரண்டு நிற்கும். மற்றபடி கண் போகிற தூரம் வரைக்கும் ஒன்றுமில்லை. பகல் முழுக்க கம்ப்ரசர் ஓடும். சாயங்காலம் அதை நிறுத்தின பிறகும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகாது. ம்ம்ம் என்று உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் போனில் படம் பார்ப்பார்கள். நான் லாரி நிழலில் சாய்ந்துகொண்டு, அந்த இரைச்சலுக்குள்ளேயே ஊருக்குப் புறப்படுவேன்.

முதலில் எங்கள் வீட்டு வாசல். பிறகு நாமக்கல் தாண்டி, ராசிபுரம் தாண்டி, நாமகிரிப்பேட்டையில் அக்கா வீடு. அங்கிருந்து சேலத்தைச் சுற்றிக்கொண்டு ஜலகண்டாபுரத்தில் மாமியார் வீடு. தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் வந்து கூட்டிப்போகும். கடைசியில் ஆடிப் பதினெட்டு அன்றைக்கு எல்லோரும் மோகனூரில் காவேரிக் கரையில். இப்படித் தினமும் போய்வந்தேன். ஒவ்வொரு நாள் வழியில் மழை பெய்யவைப்பேன். ஒவ்வொரு நாள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடுகள் பச்சையாக இருக்கும்.

மோகனூர்த் திட்டம் என்னுடையதல்ல, மச்சானுடையது. அக்காவின் வீட்டுக்காரர் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். தோளும் பெரிது, பேச்சும் பெரிது. போனை எடுத்தாலே, "மாப்ளே, அந்த ஊர்ல தண்ணி கண்டுபுடிச்சது போதும். காவேரில ஓடற தண்ணி யாரும் கண்டுபுடிக்காமயே ஓடுது. நீ வா. ஆடிப் பதினெட்டுல மோகனூர் ஆத்துல உன்னப் புடிச்சு ஒரே முக்கா முக்கி எடுத்தாத்தான் அந்தச் செம்மண்ணு போகும்" என்பார். பின்னால் அக்காவின் குரல் கேட்கும்: "அவனுக்கு ஆறுன்னாலே பயம். நீங்க முக்கறதுக்குள்ள அவன் திரும்ப ஆப்பிரிக்காவுக்கே ஓடிருவான்."

போன வருடம் பங்குனியில் மச்சான் போய்விட்டார். மூட்டை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்குச் செய்தி வந்தபோது துளை போடுகிற ராடு பாதி ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டவுன் எட்டு மணி நேரத் தூரம். அங்கிருந்து விமானம் பிடித்தாலும் எடுப்பதற்குள் வந்து சேர வழியில்லை. அக்காளிடம் போனைக் கொடுத்தார்கள். அவள் "சாப்டியா சாமி?" என்றாள். நானும் "சாப்பிட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு அக்கா போனுக்கே வரவில்லை. அவள் மகள்தான் பேசுவாள். "அம்மா எங்கயும் போறதில்லீங்க மாமா. காது குத்துன்னாலும் இல்ல, கல்யாணம்னாலும் இல்ல. வருசத் தெவசம் முடிஞ்சும் அப்படியேதான். பக்கத்தூட்டுப் படிகூட ஏறமாட்டேங்குது. நாங்க சொல்லிச் சொல்லி விட்டுட்டோமுங்க."

அதன்பிறகு லாரி நிழலில் நான் போட்ட திட்டத்தில் மற்ற ஊர்களெல்லாம் மங்கிப்போயின. மோகனூர் மட்டும் நின்றது. ஆடிப் பதினெட்டுக்கு அக்காளை அந்தக் கரைக்கு எப்படியாவது கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவள் வீட்டுக்குள் போய் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதை மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தேன். வெட்டவெளியில் யாருமில்லாதபோது சத்தமாகக்கூடச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆனி மாதம் வந்து இறங்கினேன். வந்த மறுநாளே என் வீட்டுக்காரி எதிரில் உட்கார்ந்து, எந்த வீட்டுக்கு எப்போது போவது என்று கேட்டாள். நான் பல வருடமாகச் செய்துவைத்திருந்த வழியைச் சொன்னேன். காலையில் நாமகிரிப்பேட்டை, மத்தியானம் அப்படியே ஜலகண்டாபுரம், இருட்டுவதற்குள் வீடு. ஒரே சுற்று.

அவள் என்னையே பார்த்தாள். "ஏனுங்க, எழவு கேட்டுட்டு நேரா எங்கம்மா ஊட்டுக்குப் போவாங்களா? ஊட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணி ஊத்திட்டுத்தானுங்க வேற பக்கம் போகோணும்."

"டீசல் மிச்சமாகுமேன்னு பார்த்தேன்."

"டீசலா? நாம டூவீலர்ல போறோமுங்க."

எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்பதற்கென்று முறைகள் உண்டு. கேட்க வேண்டிய வீட்டில் கேட்காமல் வேறு சொந்தக்காரர் வீட்டில் கை நனைப்பதில்லை. செவ்வாய், வெள்ளியில் போவதில்லை. போன இடத்தில் நல்ல காரியம் எதையும் பேசக்கூடாது. புறப்படும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். துக்கத்துக்குத் திரும்ப வருவது யாருக்கும் வேண்டாம் என்பதற்காக. இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அங்கே போட்ட திட்டத்தில் இது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நல்ல காரியம் பேசக்கூடாத வீட்டில் போய் மோகனூருக்கு வா என்று எப்படிச் சொல்வேன்?

புதன்கிழமை காலை கிளம்பினோம். ராசிபுரம் தாண்டியதும் நான் பிரதான சாலையை விட்டு இடதுபக்கம் திரும்பினேன். கோழிப்பண்ணைகளைச் சுற்றி, கிழங்கு மில்லின் புளித்த வாடைக்குள் நுழைந்து, ஏரிக்கரை ஓரமாக வண்டி போயிற்று. ஆனி மாதக் காற்று முகத்தில் தள்ளியது. தூரத்தில் கொல்லிமலை நீலமாகக் கூடவே வந்தது. லாரி நிழலில் உட்கார்ந்து பார்த்ததும் இதே மலைதான். கொஞ்ச நேரம் எந்த நாட்டில் போகிறேன் என்றே தெரியவில்லை.

"ஏனுங்க, நேர்வழி இருக்கறப்ப எதுக்கு இப்படிச் சுத்தறீங்க?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"அங்க கரண்டுக் கம்பி தாழ்வா இருக்கும். சந்தைப்பக்கம் வளைவும் பத்தாது."

"எதுக்குப் பத்தாது?"

அப்போதுதான் எனக்கே புரிந்தது. அங்கே உட்கார்ந்து இத்தனை வருடமும் நான் ஊருக்கு வந்ததெல்லாம் ரிக் வண்டியில். கம்பி தட்டாத வழி, பாலம் தாங்குகிற வழி, வண்டி திரும்புகிற வழி. மாமியார் வீட்டுக்குக்கூட அப்படித்தான் வழி போட்டிருந்தேன். அவள் என் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். துக்கத்துக்குப் போகிற வழியில் சிரிக்கக்கூடாது என்று நினைவு வந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அக்கா வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவரும் கூட இருந்தார். அக்கா பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மூன்று பெண்களும் தோளில் கை போட்டு அழுதார்கள். பெண்களுக்கு அதற்கு ஒரு வழி இருக்கிறது. எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முறத்தருகே உட்கார்ந்து கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

அழுகை ஓய்ந்த பிறகு அக்காளும் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் உரித்தோம். தொலி நொறுங்குகிற சத்தம் மட்டும் இருந்தது. சுவரில் மச்சான் படத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவர் வாயை மூடி நான் பார்த்தது அதில்தான்.

"நோம்பு நொடிக்குச் சோறு கெடைச்சுதா அங்க?" என்று அக்கா கேட்டாள்.

"கெடைச்சுது."

"கறுத்துட்டே."

"வெயிலு."

அவ்வளவுதான் பேச்சு. வெயில் வாசலில் இருந்து மெதுவாக நகர்ந்து முறத்தின் விளிம்பு வரைக்கும் வந்தது. என் ஒத்திகைப் பேச்சு நெஞ்சுக்குள் முழுசாக இருந்தது. வெளியே வர வழியில்லை. வீட்டுக்காரி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, முறைப்படி ஒன்றும் பேசாமல் எழுந்து வண்டியருகே போய்விட்டாள். நானும் மடியில் கிடந்த தொலியைத் தட்டிவிட்டு எழுந்தேன். பேசாமல் திரும்பினால் முடிந்தது. படி இறங்கி, செருப்பைப் போட்டு, என்னையறியாமல் திரும்பிப் பார்த்துச் சொன்னேன்:

"போய்ட்டு வாரேங்க்கா."

பக்கத்து வீட்டு அம்மா, "அட கெரகமே!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். வண்டியருகே நின்ற வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிட்டுவிட்டவன்போல நின்றேன்.

அக்கா கையில் கடலையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

"கப்பல்ல போன வண்டியோட இவனையும் மூட்டை கட்டி அனுப்பிச்சாங்களாட்டம். எழவு ஊட்ல என்ன சொல்றதுன்னுகூட மறந்துபோச்சு பாரு என்ற தம்பிக்கு."

"விடு சாமி, வாய் தவறிச் சொல்லிருச்சு" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

"வாய் தவறுனா என்ன? சொன்னது சொன்னதுதான்" என்றாள் அக்கா. சிரிப்பு நின்றுபோயிருந்தது. "இந்த ஊட்டுக்கு வந்தவங்க எல்லாரும் சொல்லாமத்தான் போனாங்க. ஒண்ணேகால் வருசமா ஒருத்தரும் வாரேன்னு சொல்லல. நீ சொல்லிப்போட்டே. அப்ப வந்துதான் ஆகோணும். எப்ப வருவே?"

நான் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. "ஆடிப் பதினெட்டுக்கு" என்றேன். "மோகனூருக்கு. உன்னக் கூட்டிட்டுப் போக."

பக்கத்து வீட்டு அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அக்கா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கடலையை உரித்து முறத்தில் போட்டாள்.

"போ. தொலியெல்லாம் பறக்குது, வெயில் ஏறறதுக்கு முந்திப் போய்ச் சேருங்க" என்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதிலிருந்து ஆடிப் பதினெட்டு வரைக்கும் எனக்கு நாட்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. மாமியார் வீட்டுக்குப் போனோம், குலதெய்வத்துக்குப் போனோம். எங்கே உட்கார்ந்தாலும் காதில் அந்த ம்ம்ம் ஓடும். அந்த இரைச்சலுக்குள் அக்கா ஒரு தடவை வருவாள், ஒரு தடவை கதவைச் சாத்திக்கொள்வாள்.

அன்றைக்குக் காலையில் ஒரு காரை வாடகைக்குப் பேசிக்கொண்டு நாமகிரிப்பேட்டைக்குப் போனோம். நேர்வழியாகத்தான். தெரு முனையிலேயே தெரிந்தது. அக்கா வாசலில் நின்றிருந்தாள், கையில் தூக்குப்போசி. துவைத்து மடித்துவைத்திருந்த பழைய சேலை, மடிப்பு இன்னும் கலையவில்லை. அவள் மகள் பின்னால் நின்று எனக்குக் கைகாட்டினாள், பேசாதீர்கள் என்று. நான் எப்போது பேசினேன்?

"எலுமிச்சம்பழச் சோறு" என்று தூக்குப்போசியை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள். வழியெல்லாம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மோகனூரில் ஆறு அகலமாக, மண் கலந்து, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. கரை நிறையக் கூட்டம். வீட்டுக்காரியும் கூட வந்த அக்கா மகளும் தாலிக்கயிறு மாற்றுகிற பெண்களுக்குள் போனார்கள். அக்கா அந்தப் பக்கம் போகவில்லை. படிக்கட்டின் ஓரத்தில் நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். நானும் இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. எனக்கு ஆறு என்றால் பயம்தான், அக்காளுக்குத் தெரியும்.

"உன்ற மச்சான் என்ன சொல்லிருந்தாரு?" என்றாள்.

"ஒரே முக்கா முக்கி எடுப்பேன்னு."

"மறக்கல போலிருக்கு."

அவள் கை என் பிடரியில் விழுந்தது. மெலிந்த கைதான், ஆனால் அழுத்தினது மச்சானே அழுத்தினதுபோல இருந்தது. உள்ளே போனேன். தண்ணீருக்கடியில் எல்லாம் பழுப்பாக, மெதுவாக இருந்தது. ஆறு வருடமாகக் காதில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் நின்றுபோனது. எங்கே இருக்கிறேன் என்று அப்போது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மேலே வந்தபோது அக்காளின் முகமும் நனைந்திருந்தது. ஆற்றுத்தண்ணீர்தானா என்று நான் பார்க்கவில்லை.

சோறு சாப்பிடும்போது அக்கா கேட்டாள்: "அடுத்த மாசம் மறுக்கா உன்ற மாமியா ஊருக்குப் போறீங்களாமே. அப்படியே மேட்டூர் அணையக் காட்டுவியா?"

"காட்டறனுங்க்கா."

"எந்த வழியா?" என்றாள் வீட்டுக்காரி, வாயில் சோற்றோடு.

நேற்று நடந்தது இது. காலையில் எழுந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

ஆடி பத்தொன்பது.