ஓங்கல் காட்டும் உத்தியோகம்

கடலில் எது எப்போது வரும் என்று கடலுக்கே தெரியாது. வரும் வரும் என்று சொல்லிப் பிழைப்பதுதான் எங்கள் தொழில். வராத பஸ்ஸுக்கு நேரம் சொல்லும் வேலை பார்த்தவர்களுக்கு என் அலுப்பு புரியும்.

முதலியார்பேட்டையில் நான் வேலை பார்த்த மில் மூடிய பிறகு, இரண்டாயிரத்துச் சொச்சத்தில், சுற்றுலாக்காரர்களுக்கு டால்ஃபின் காட்டும் படகில் ஒட்டிக்கொண்டேன். எங்கள் மீனவர்கள் அதை ஓங்கல் என்பார்கள். ஒரு சமயம் வாரக்கணக்கில் ஒன்றும் தென்படவில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் படகை மறுபடி மீன்பிடிக்கவே விட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை. பயமாகத்தான் இருந்தது.

திமிங்கிலம் கேட்டவர்

பெங்களூர்க்காரர் ஒருவர் திமிங்கிலம்தான் வேண்டும் என்றார். அது இங்கே அபூர்வம் என்று ஏறும் முன்பே சொன்னேன். தலையாட்டிவிட்டு ஏறினார். காலை முழுக்கச் சுற்றியும் வெறும் தண்ணீர்தான். திரும்பும்போது ஓர் ஆமை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. விட்டேனா, ஏதோ நானே வளர்த்தது போல அதன் பெருமைகளை எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆமை எங்க வீட்டுத் தொட்டியிலயே இருக்கு சார்."

சொல்தாவின் பைனாகுலர்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒருவர் மனைவியோடு வந்தார். கையில் அருமையான பைனாகுலர். ஆனால் அதைக் கரைப்பக்கமே வைத்துக்கொண்டு தன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு ஓங்கல் துள்ளின. "இப்படித் திரும்புங்க" என்று அந்தம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார். "இரு, நம்ம மாடியில எவனோ துணி காயப் போட்டிருக்கான்" என்றார் இவர்.

கரையில் முதலாளி ஆவலாக விசாரித்தார். அந்தம்மா வாயைத் திறப்பதற்குள் இவர் தம் பிரெஞ்சு மரியாதையோடு முந்திக்கொண்டார்: "ஓங்கலா? நான் ஒண்ணையும் பாக்கலையே முசியே."

ஆலா பறந்த இடம்

மாதக் கடைசியில் விழுப்புரத்திலிருந்து சில வாத்தியார்கள் வந்தார்கள். ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் திரும்பத் திரும்பத் தண்ணீரில் குத்தி எழுந்தால் கீழே மீன் கூட்டம் இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு ஓங்கலும் வரும். படகோட்டி ஏழுமலை ஆலாக்களைப் பார்த்து இன்ஜினை நிறுத்தினான். ஓங்கல்கள் வந்தேவிட்டன, ஒரு பட்டாளமாக. வேலை பிழைத்தது என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வாத்தியார்கள் கேமராவை உறையிலிருந்து எடுப்பதற்குள் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். ஏழுமலை பலகைக்கு அடியிலிருந்த வீச்சு வலையை எடுத்து வீசியிருந்தான். ஓங்கல்கள் போன இடம் தெரியவில்லை.

அவனைத் திட்டத் தெரிந்த வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். "தப்புதாண்ணே. மீனப் பாத்ததும் கை தானா போயிடுச்சு" என்றான். வாத்தியார்களோ வலை நிறையத் துள்ளிய மத்தியைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு எவ்வளவு தேறும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கரையில் முதலாளி கூடையைப் பார்த்தார். அந்த மாதத்தில் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஏழுமலையிடம் கேட்டார்: "நாளைக்கி எத்தினி மணிக்கு வலய எடுத்துக்கினு போற?"

ஊருக்கெல்லாம் ஓங்கல் காட்டிய உத்தியோகத்தில் எனக்கு மிஞ்சியது, அன்று சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வீடு போன ஒரு பை மத்தி மீன்தான்.