நடுவில் இருந்த பிள்ளையார்

கம்பெனிக்காரர்கள் கைவிட்ட பழைய கார்களுக்கு டேஷ்போர்டு பாகங்கள் செய்து கொடுப்பது என் தொழில். பிள்ளையார்பாளையத்தில் வீட்டு முன்னறைதான் பட்டறை. உடைந்ததை ஒட்டி, ரப்பரில் அச்செடுத்து, ரெசின் என்கிற பிளாஸ்டிக் குழம்பை ஊற்றினால் புதுசு தயார். பட்டில் ரெசின் வாடை ஏறுகிறது என்று, பட்டு நெய்கிற பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சாயத்தொட்டி மட்டும் மல்லிகைப்பூவாகவா மணக்கிறது?

ஒருநாள் ஒருவர் தன் காரின் டேஷ்போர்டு நடுப்பாகத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மூன்றாக உடைந்திருந்தது. அதில் குழி வெட்டி உட்காரவைத்த பித்தளைப் பிள்ளையார் மட்டும் அசையவில்லை.

"லாரில மோதிட்டேன்கா. எனக்கு ஒரு கீறல் கூட இல்ல. எல்லாம் இவருதான். இதே குழியோட செஞ்சி குடுங்க."

சரி என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு பிள்ளையாரைப் பெயர்த்து, சாமி அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் அவர் மனைவி போன் செய்தாள்.

"அக்கா, அந்தக் குழி வேணாம். மூடிடுங்க."

"அவரு வேணும்னாரேம்மா?"

"அவருக்கு ஒண்ணும் ஆகலியே. பக்கத்து சீட்ல நான் உக்காந்துகினு இருந்தேன். இடது கை விரலு மடங்கவே மாட்டேங்குது, தறியில உக்காந்து மாசக்கணக்காவுது. சாமி நடுவுலதான இருந்தாரு, ஒரு பக்கம் மட்டும்தான் பாத்தாரா? சாமி அங்க இருந்தா நான் அந்தக் கார்ல ஏற மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு பஸ்லயே போய்க்கிறேன்."

நான் பிளாஸ்டிக் வார்க்கிறவள், பஞ்சாயத்து பண்ணுகிறவளா? அலமாரி முன்னால் நின்று, "நீயே சொல்லு, மூடட்டுமா வேணாமா?" என்று கேட்டேன். நன்றி சொன்ன மனுஷனும் பொய் சொல்லவில்லை, கோபித்துக்கொண்டவளும் பொய் சொல்லவில்லை. யார் பேச்சைக் கேட்பது? குழியை அடைக்கிற பட்டிப் பசையைக் கையில் எடுப்பேன், திரும்பக் கீழே வைப்பேன். கடைசியில் குழியோடு ஒன்று, குழியில்லாமல் ஒன்று என்று இரண்டு வார்த்தேன். வேலை இரட்டித்ததுதான் மிச்சம், குழப்பம் தீரவில்லை.

வாங்கிப்போக இருவரும் வந்தார்கள். அவர் காரில் வந்தார். அவள் பஸ்ஸில் வந்து, தெருமுனையிலிருந்து நடந்து வந்தாள்.

இரண்டையும் மேசைமேல் வைத்தேன். அவர் குழி உள்ளதைத் தொட்டார். மனைவியின் கையைப் பார்த்தார். பிறகு குழியில்லாததை எடுத்துக்கொண்டு, "சாமி இங்கயே இருக்கட்டும்கா" என்றார். காருக்குப் போய் அதைப் பொருத்திவிட்டு, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

அவள் அலமாரிக்குப் போய்ப் பிள்ளையார் முன்னால் நின்றாள்.

"ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பு இருக்குதாக்கா?"

வலது கையால் பிள்ளையாரை எடுத்துக்கொண்டு போனாள். நான் டேப்போடு பின்னாலேயே போய் இடப்பக்கக் கதவைத் திறந்துவிட, காரில் ஏறினாள். ஒரு கையால் டேப்பைப் பிரிக்க முடியவில்லை. நான் பிரித்துக் கொடுத்தேன். தன் சீட்டுக்கு நேர் எதிரே பிள்ளையாரை ஒட்டி, அழுத்திப் பிடித்தாள்.

"இனிமே இந்தப் பக்கம் பாக்கட்டும்."

அது பக்தியா கோபமா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அவர் பிள்ளையாரைப் பார்த்தார், தன் பக்கம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தார். சாவியைத் திருகினார்.

"மெதுவாவே ஓட்றேம்மா" என்றார்.