செபக் காய்ப்பு

பூசையில் சாமியார் நற்கருணையை உயர்த்தும்போது எழுந்தேற்ற மணி அடித்து எல்லோரும் முழந்தாளிட்டதும், வியாகுலமேரி குனிந்த தலையை நிமிர்த்துவாள். கோயிலின் கடைசி வரிசை அவளுடையது. முன்னால் இருப்பவர்களின் குதிகால்கள் அங்கிருந்து நன்றாகத் தெரியும். நற்கருணையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் இவள் கால்களைப் பார்த்துக்கொண்டு வருவாள். குதிகாலுக்கு மேலே நரம்பு கயிறாகத் தடித்து, அதில் முடிச்சு விழுந்திருந்தால் போச்சு. அந்த ஆள் அன்றைக்குத் தப்ப முடியாது.

பூசை முடிந்ததும் செருப்புக் குவியலருகே பிடித்துக்கொள்வாள்.

"ஏலே, இங்கன வா. சின்னமனூர் போயி ரத்தம் குடுத்துட்டு வா. கொழுப்பு எம்புட்டு இருக்குன்னு பாரு."

"நான் கறியே திங்கிறதில்ல அத்த."

"நீ புல்லத் தின்னாலும் ஏறும்லே. இது தின்னு வந்ததில்ல, பெறந்து வந்தது."

என் காலையும் அவள் விட்டுவைக்கவில்லை. "வாத்தியாரே, ஒங்களுக்கு வெறும் பித்தவெடிப்புதான், போங்க" என்று விடுதலை கொடுத்தாள். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்களில் குலை வெட்டுவது அவள் பிழைப்பு. கையிலுள்ள கத்தரியைவிட வாய் கூர். ஊரில் அவளுக்குக் குதிகால் மேரி என்று பெயர்.

அவள் வாழ்க்கைப்பட்டது, கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வீட்டில். அந்த வம்சத்து ஆண்களுக்கு முழங்காலிலும் குதிகாலிலும் மஞ்சள் பாரித்த கட்டிகள் இருக்கும். பெண்களுக்கும் உண்டு, சேலை மறைத்துக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாக முழந்தாளிட்டு செபித்த காய்ப்பு அது என்று ஊரே நம்பியது. நாற்பது வயதை ஒட்டி ஒவ்வொருவராக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். பாயில் கிடக்காத புண்ணியச் சாவு என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள். அவள் புருஷன் இஞ்ஞாசிமுத்து செத்த அன்று, நாத்தனார் சவேரியம்மாள் பிணத்தின் வேட்டியை முட்டிக்கு மேல் ஏற்றி வைத்தாள். வந்தவர்களெல்லாம் அந்தக் கட்டியைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அடப் பாவிகளா! கொன்ற நோயைத் தொட்டுக் கும்பிட்ட ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

பிறகு மகன் ஜாஸ்பர். திராட்சைப் பெட்டியைத் தலையில் தூக்கும்போது சுருண்டு விழுந்தான். மீசை சரியாக முளைத்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருக்கும். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டார்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் உண்டு சார். செபம் பண்ணுன காய்ப்பு" என்று இவள் பெருமையாகச் சொன்னாள். சாயங்காலம் மகன் போய்விட்டான். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

டாக்டர் விளக்கியதை அவள் சொல்லும் விதம் இது: "ஈரல்ல வாசல் இருக்காம். ரத்தத்துல ஓடுற கெட்ட கொழுப்பு அது வழியா உள்ள போயித்தான் கழியணுமாம். இவுக வம்சத்துல பாதி வாசல் பெறக்கும்போதே அடைப்பு. காலாகாலத்துல மாத்திரை போட்டிருந்தா இன்னும் இருந்திருப்பாகன்னு சொன்னாக. இந்த அடைப்பு உள்ள ரெண்டு பேரு கட்டிக்கிட்டா, பிள்ளைக்கு மொத்த வாசலுமே அடைச்சுப் போகலாமாம். அது பச்சப்பிள்ளையிலயே நெஞ்சத் தின்னுருமாம்."

மகள் அனிதா மேரிக்கு அப்போது நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை சவேரியம்மாளின் மகன் ஆண்டனி ராஜ், சொந்த அத்தை மகன். அனிதாவின் ரத்தத்தைப் பார்த்தார்கள், அதே கொழுப்பு இருந்தது. ஆண்டனி ராஜ் ரத்தம் கொடுக்க மறுத்துவிட்டான். அவன் குதிகாலைப் பார்த்த பிறகு ரத்தம் வேறு எதற்கு? "மகனத் தின்னவ, மக வாழ்க்கையையும் திங்கப் பாக்குறா" என்று நாத்தனார் தெருவில் நின்று கத்தினாள்.

கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டார். யாரும் வாய் திறக்காத இடம் அது. பெண்ணைப் பெற்றவள் எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் சாமி. ரெண்டு பேருக்கும் ஒரே நோவு. பெறக்குற பிள்ள தங்காது."

"அது தடையில சேராதும்மா. உட்காருங்க" என்றார் சாமியார்.

கோயிலே சிரித்தது. சாமியார் சொன்னது சட்டமாக இருக்கலாம். அந்தச் சிரிப்புக்கு எந்தச் சட்டம்? ஆஸ்பத்திரியில் தனக்குக் கொடுத்த மாத்திரை அட்டையை அம்மாவின் காலடியில் வீசிவிட்டுப் போனாள் அனிதா. கல்யாணத்தில் ஊரே பிரியாணி தின்றது. இவள் யாரோ ஒருவர் பந்தலில் குலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷப் பெருவிழாவில், தேர் நிலைக்கு வந்த பிறகு, வேப்பமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத அனிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மகனைத் தன் அம்மாவின் மடியில் இறக்கிவிட்டாள்.

"யம்மா... இவன் கையக் கொஞ்சம் பாரேன்."

இரண்டு பக்கத்து அடைப்பும் சேர்ந்த பிள்ளைக்கு விரலிடுக்கிலும் அந்தக் கட்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். வியாகுலமேரி பேரனின் விரல்களை மெதுவாக விரித்தாள். நானும் பார்த்தேன். மெழுகு சொட்டி உறைந்த மாதிரி மஞ்சள் தடிப்புகள்.

அனிதா வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் சொந்தக்காரப் பெண்கள் சூழ வந்துவிட்டாள் சவேரியம்மாள். "என்ன மதினி, பிள்ள தங்காதுன்னு கோயில்ல சொன்னியே. தங்கமாட்டம் இருக்கானா இல்லையா, இந்தா இவுகளுக்கும் சொல்லு."

இனி வெடிக்கப்போகிறது என்று நான் காத்திருந்தேன். வியாகுலமேரியோ பேரனின் கையை முந்தானைக்குள் இழுத்து, ஒருத்தர் கண்ணிலும் படாதபடி சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.