உள்ளே வாசல் இல்லாத அறை

எங்கள் வீட்டுக்குப் படம் போட்டது நான்தான். முத்தாபுதுப்பேட்டையில் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு எந்த மேஸ்திரி கட்டினது என்று யாராவது கேட்டால், கட்டினது மேஸ்திரி, போட்டது நான் என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ரயில்வே ஸ்டேஷன் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். இதையும் அப்படித்தான் கூட்டிக் கூட்டி எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

அது உலகச் சண்டை நடந்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கி, பெரிய பெரிய கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்த வருஷத்து ஐப்பசி மழையில் எங்கள் மண் வீடு பின்சுவரிலிருந்து ஆரம்பித்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. நல்ல வேளை, எல்லோரும் வெளியே இருந்தோம். முழுசாக மிஞ்சியது தெருக்கதவு ஒன்றுதான். மாட்டுக் கொட்டகையில் நடுவே தட்டி கட்டி, அந்தப் பக்கம் மாடு, இந்தப் பக்கம் நாங்கள் என்று குடித்தனம் நடந்தது.

தையில் வேலையைத் தொடங்கலாம் என்று மாமனார் சொன்னார். எப்படிக் கட்டுவது என்பதில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் தினமும் வாய்ச்சண்டை.

"ரெண்டு பேரும் காத்துல ஊடு கட்டிகினு கீறீங்க. எதுலயாவது போட்டுப் பாருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீயே போடேன், இஞ்சினீரு" என்றார்.

போட்டேன். முருங்கை மரத்தில் சாய்த்து வைத்திருந்த அந்தத் தெருக்கதவுதான் எனக்குப் பலகை. அடுப்புக்கரி இருந்தது, தப்பாகப் போனால் துடைக்க ஈரத்துணி இருந்தது. அடிக்கணக்கு எனக்குத் தெரியாது. பாய்க்கணக்கு தெரியும். கூடத்தில் எத்தனை பேர் படுப்போம், அதற்கு எத்தனை பாய் விரிக்க வேண்டும், விரித்த பிறகு ஆளை மிதிக்காமல் நடக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கோடு போட்டேன். சமையல் அறை, நெல் குதிர் வைக்க ஓர் அறை, கூடம். கடைசியாக, கிணற்றங்கரை மூலையில் சின்னதாக இன்னோர் அறை. அதற்கு ஒரே வாசல், அதுவும் கிணற்றுப் பக்கம் பார்த்து. கூடத்திலிருந்து அதற்குள் போக வழி வைக்கவில்லை.

அந்த அறைக்காகத்தான் நான் கரியையே கையில் எடுத்தேன். அந்தக் காலத்தில் மாதாமாதம் மூன்று நாள் பெண்கள் வீட்டுக்குள் வரக்கூடாது. பழைய வீடு இருந்தவரை மாட்டுக் கொட்டகை மூலையில் உட்காருவோம். வீடு விழுந்து, வீட்டார் எல்லோரும் கொட்டகைக்குள் வந்த பிறகு அந்த மூலையும் போயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் கட்டை வண்டிக்கு அடியில் கோணியைச் சுற்றிக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடும். அந்த வழக்கம் சரியா தப்பா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. என் பெண் வயசுக்கு வரும் பருவத்தில் இருந்தாள். அவள் அந்த வண்டிக்கு அடியில் உட்காரக் கூடாது. அதை மட்டும்தான் யோசித்தேன்.

முதலில் பார்த்தது என் வீட்டுக்காரர். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இன்னாமே, இந்த ரூமுக்குக் கூடத்துல கதவ மறந்துட்டியே. ஏர் சாமான் வைக்கத்தானே?" என்று சொல்லி, அவரே கரியை வாங்கி ஒரு வாசலைப் போட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் அதைத் துடைத்தேன்.

தண்ணீருக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே பார்த்தாள். "இன்னாக்கா, நம்ப ரூமா?" என்றாள். பெண்களுக்கு அந்த ஒற்றை வாசலே சொல்லிவிட்டது.

என் மாமியாருக்கும் சொல்லிவிட்டது. ஆனால் அவர் எடுத்த எடுப்பில் தலையாட்டுகிறவர் இல்லை. "ஊட்டு சொவுர ஒட்டிகினு கீதே. தீட்டு சொவுருல ஏறாதா?" என்றார்.

"கொட்டாயும் சொவுர ஒட்டிகினுதானே அத்தே இருந்துது. அப்போ ஏறலியே."

மென்ற வெற்றிலையை ஓரமாகத் துப்பினார். "ஞாயம்தான். ஆனா உங்க மாமன்கிட்ட யாரு சொல்றது?"

அதுதான் சங்கடம். இந்தப் பேச்சை ஆண்கள் காதில் போடுகிற வழக்கம் இல்லை. மாமனாரிடம் நான் எந்தப் பேச்சும் நேராகப் பேசியதில்லை. அவரோ மறுநாள் காலையில் கதவின் முன்னால் நின்று, படத்தைப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்துபோனார். எங்கள் கிணறு இருந்தது வடகிழக்கில், சாமிக்கு உகந்தது என்று சொல்லும் ஈசானி மூலை.

"பாத்தியாடா, ஈசானி மூலையில சாமிக்குத் தனி ரூம் வெச்சிகீது மருமவ. உனக்குத் தோணிச்சா?" என்று பிள்ளையை ஒரு குத்து குத்திவிட்டு, "வாசல் மட்டும் மறந்துடுச்சி" என்று தன் கையால் கூடத்துப் பக்கம் அழகாக ஒரு வாசலைப் போட்டார். சாயந்தரம் அதையும் துடைத்தேன்.

மேஸ்திரியால் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடிந்தது. மற்ற நாளெல்லாம் அவருக்கு ஆவடியில் பட்டாளத்துக் கட்டட வேலை. அங்கே துரைமார் நீலக் காகிதத்தில் படம் வைத்திருப்பதைப் பார்த்தவர் அவர். என் கதவைப் பார்த்து முதலில் சிரித்தார்.

"இன்னா நைனா, சொவுரெல்லாம் நூல்லயா கட்டப் போறோம்? கோட்டுக்குக் கோடு ஒட்டிகினு கீது. செங்கல் சொவுரு ஒரு மொழம் தின்னுப்புடும். பாய் விரிக்கறது எங்க?"

அவர் சொன்னது சரி. நான் உள்ளே இருக்கிற ஆளை நினைத்துப் போட்டேனே தவிர, சுவருக்கு என்று இடம் விடவில்லை. அதற்கு அவர் சொன்ன வழிதான் எனக்குப் பிடிக்கவில்லை. "இந்தக் கெணத்து ரூம எடுத்துட்டா கூடம் விரிஞ்சிடும்" என்றார்.

"அது சாமி ரூம்யா. அத்த எடுக்கறதாவது" என்றார் மாமனார்.

"சாமி ரூமா? வாசல் வெளிய கீதே நைனா. சாமிக்கு வெளக்கேத்த கெணத்த சுத்திகினு போவணுமா?"

மாமனார் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "நான் அன்னிக்கே போட்டேனே. எவன் அழிச்சது?"

என் வீட்டுக்காரர் முருங்கைக்காயை எண்ணுகிறவர் போல மரத்தை அண்ணாந்து பார்த்தார். மாமியார் வெற்றிலைப் பையில் எதையோ தேடினார். நான் வாயைத் திறக்காவிட்டால் அறை இருக்கும், ஆனால் சாமி அறையாக. திறந்தால் அறையே போகலாம். தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தேன்.

"நான்தான் அழிச்சேன் மாமா. அது சாமி ரூம் இல்ல. ஊட்டுக்குத் தூரமானா நாங்க உக்கார்ற ரூம். இந்த மழைக்கு வண்டி அடியில உக்காந்தேன். என் பொண்ணு அங்க உக்கார மாட்டா."

மேஸ்திரி வெற்றிலை துப்ப வேலியோரம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். மாமனார் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தில் நின்ற வண்டியைப் பார்த்தார். அதன் அடியில் கோணி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "ஈசானி மூலையிலயா" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் தோள் துண்டை எடுத்து, தண்ணீர்கூடத் தொடாமல், அந்த அறையைத் துடைத்தார். அவர் விரலை மேற்கே நீட்டி, "அந்த மூலைக்குத் தள்ளு. இது சாமிக்கு" என்று சொல்லி, கரித்துண்டை என் காலுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் வைத்தார். எடுத்தேன். வடமேற்கே வாயு மூலையில் அதே அறையைப் போட்டேன், ஒற்றை வாசலோடு. அதற்கு யாரும் கதவு சேர்க்கவில்லை.

தைரியம் வந்ததும் இன்னொன்றையும் கேட்டுவிட்டேன். "கெணறு தள்ளிப் பூடுது மாமா. அதுவரைக்கும் தாவாரம் எறக்கி வுடணும். நனையாம போவணும்."

"எறக்கி வுடு மேஸ்திரி" என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"இந்த ஊட்டுக்குத் தொரை யாருன்னு இப்பத்தான் தெரிது" என்றார் மேஸ்திரி. சுவருக்குக் கொடுத்த இடம் நெல் அறையிலிருந்து போனது. என் வீட்டுக்காரர் அதைச் சொல்லி வெகுநாள் புலம்பினார்.

ஆடி பிறப்பதற்குள் ஓடு வேய்ந்து குடி போனோம். ஆவணியில் என் பெண் பெரியவளானாள். அன்றைக்கே மழை. தாழ்வாரத்தில் கதவோரம் நான் உட்கார்ந்துகொண்டு, உள்ளே காய்ந்த தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்ல வார்த்தையை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"ஜன்னல் சின்னதா கீதுமா. புழுங்குது" என்றாள்.

எத்தனையோ பேர் அந்தப் படத்தில் குறை சொன்னார்கள். எல்லோருக்கும் நான் பதில் வைத்திருந்தேன். இவளுக்கு மட்டும் ஒரு கரித்துண்டை எடுத்து அந்தச் சின்ன ஜன்னல் வழியாக உள்ளே போட்டு, "எம்மாம் பெருசு வேணும், சொவுத்துல போட்டுக் காட்டு. மேஸ்திரிய இடிக்கச் சொல்றேன்" என்றேன்.

புதுசாய் வெள்ளையடித்த சுவர். கொஞ்சமும் யோசிக்காமல் போட்டிருந்தாள். நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு இருந்தது. அந்த அளவுக்கே இடித்து ஜன்னல் வைத்தோம்.