புதுக்காட்டில் தண்ணீர் குடித்தவள்

தாகத்தை அடக்குவதில் எங்கள் புல்வெட்டுக் கூட்டத்துப் பெண்களை மிஞ்ச ஆளே கிடையாது. விடியற்காலையில் லயத்து வரிசை வீட்டை விட்டுக் கிளம்பும்போது அரைக் குவளை வரக்காப்பி. அதற்குப் பிறகு பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு திரும்பும்வரை ஒரு சொட்டு நீர் தொண்டைக்குள் இறங்காது. இதைப் பெருமையாக வேறு பேசிக்கொள்வோம். அந்தப் பெருமையில் எனக்குத்தான் முதல் இடம்.

செனாய் என்ற ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். சிங்கப்பூருக்குப் போகக் கடலில் கல்லைக் கொட்டிப் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. காட்டை எரித்துப் புதிதாகக் கன்று நட்டிருந்த இடத்தைப் புதுக்காடு என்போம். கன்றுகள் முழங்கால் உயரம்தான். அவற்றுக்கு நடுவே ஒரு புல் முளைத்தாலும் துரைக்குப் பிடிக்காது. ஆளுயரம் வளரும் லாலான் புல்லை வேரோடு கொத்தி எடுத்துக் குவிப்பது எங்கள் வேலை. மறைவுக்கு ஒரு செடி இல்லாமல் வெட்டித் தள்ளியவர்கள் நாங்களேதான். குடை பிடித்துக்கொண்டு கங்காணி ஒரு பக்கம் நிற்பார், எதிர்ப்பக்கம் ஆண்கள் வடிகால் வெட்டுவார்கள். இந்தப் பொட்டல்வெளியில் ஒரு பெண் எங்கே போய் ஒதுங்குவாள்? குடித்தால்தானே ஒதுங்க வேண்டும் என்று, எங்களுக்கு முன்னால் வந்த யாரோ குடிக்காமல் இருந்து காட்டியிருக்கிறார்கள். பிறகு வந்தவர்களுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது.

நீர்க்கடுப்பு வராத பெண் எங்களில் யாரும் இல்லை. 'சூடு பிடித்துக்கொண்டது' என்று சொல்லி வெந்தயத்தை ஊறவைத்துத் தின்போம், தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவோம். தண்ணீர் குடிக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் புத்தியை என்னவென்று சொல்ல!

அந்த வருடம் நான் மூன்றாம் தடவையாக உண்டாகியிருந்தேன். முதல் இரண்டும் நாலாம் மாதத்தைத் தாண்டவில்லை. இதுவாவது தங்க வேண்டும் என்று லயத்துக் கோயிலில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வேலைக்குப் போவேன். என் வீட்டுக்காரர் வாய்விட்டு எதுவும் கேட்க மாட்டார். மாதம் பிறந்தால் மட்டும் என் முகத்தைப் பார்ப்பார்.

அப்போதுதான் அவள் வந்து சேர்ந்தாள். வேறு தோட்டத்திலிருந்து எங்கள் லயத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். முதல் நாளே ஒரு பெரிய பிராந்திப் போத்தல் நிறையக் காய்ச்சிய தண்ணீரைக் கொண்டுவந்தாள். போத்தலைச் சுற்றி ஈரச் சாக்கு. மணிக்கொரு தரம் அண்ணாந்து கடகடவென்று குடிப்பாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். எத்தனை நேரம் தாங்குவாள் பார்க்கலாம் என்றிருந்தோம்.

அவள் தாங்கவில்லை. தாங்க வேண்டும் என்று நினைக்கவுமில்லை. எழுந்து நின்று உரக்கச் சொன்னாள்:

"கங்காணியாரே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. அங்க வடிகால் வெட்டுற அண்ணன்மாரையும் திரும்பச் சொல்லுங்க. பொம்பள ஒதுங்கப் போறேன்."

கங்காணிக்குக் குடை கையிலிருந்து நழுவியது. மனிதர் அப்படியே திரும்பி நின்றார்! ஆண்களும் திரும்பினார்கள். நாங்கள்தான் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டோம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருடமாக நாங்கள் கட்டிக் காத்த மானத்தை ஒருத்தி ஒரே நாளில் காற்றில் பறக்கவிட்டாளே என்று கோபம். அன்று மாலை நானே கங்காணி வீட்டுக்குப் போனேன்.

"அந்தப் புள்ளைய எங்க கூட்டத்துல வைக்காதீங்க. எங்க மானம் போவுது," என்றேன்.

மறுநாள் அவளைத் தனியாகச் சதுப்போரத்து நிரைக்கு அனுப்பிவிட்டார். கொசுவும் அட்டையும் மொய்க்கிற இடம். அவள் ஏன் என்று கேட்கவில்லை, போத்தலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

மழையே காணாத ஒரு வாரம். வெட்டிய தரை கால் வைக்க முடியாமல் கொதித்தது. எனக்கு இரண்டு நாளாகக் கடுப்பு, நீர் காப்பி நிறத்தில் போனது. யாரிடமும் சொல்லவில்லை. பத்து மணி வாக்கில் கண் இருட்டியது, அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு இழுப்பு. இதுவும் போச்சு என்று நினைத்ததுதான் தெரியும்.

கண் திறந்தபோது என் தலை அவள் மடியில் இருந்தது. சதுப்போரத்திலிருந்து அவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். போத்தலிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி ஊற்றி என் வாயில் விட்டாள். ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். போத்தலைச் சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்து என் நெற்றியில் போட்டாள். பிறகு கங்காணியை அதட்டி மாட்டுவண்டி வரவழைத்து, தோட்டத்து ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே நடந்தாள்.

அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். என் நாக்கைப் பார்த்தார், கையில் தோலைக் கிள்ளி இழுத்துப் பார்த்தார்.

"பிள்ளை, காலமையில இருந்து தண்ணி குடிச்சனியோ?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"வெயிலுக்க நிக்கிற மாடும் தண்ணி குடிக்குது. வயித்தில குழந்தையை வச்சுக்கொண்டு இதென்ன விளையாட்டு? குழந்தை இன்னும் இருக்கு. இருக்க வேணுமெண்டால் குடி."

ஐந்து நாள் அங்கே படுத்திருந்தேன். இழந்த இரண்டுக்கும் தண்ணீர்தான் காரணம் என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்ய மாட்டேன், அது யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த ஐந்து நாளில் கடுப்பு நின்றது, தலைவலி நின்றது. வருடக்கணக்காக இருந்த தலைவலி அது, கூடப்பிறந்தது என்றே நினைத்திருந்தேன்.

திரும்பி வேலைக்கு வந்தபோது சதுப்போரத்தில் ஒரு வேடிக்கை பார்த்தேன். வெட்டிப் போட்ட லாலான் புல்லை, கூரைக்கு அத்தாப்பு ஓலை கட்டுகிற மாதிரி குச்சியில் வரிந்து வரிந்து கட்டி, மூன்று பக்கம் மறைகிற தட்டி ஒன்று செய்து வைத்திருந்தாள் அவள். தூக்கி நட்டால் மறைவு, பிடுங்கினால் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த நிரைக்குப் போகலாம். நாங்கள் இத்தனை வருடமாக அந்தப் புல்லைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தோம்! எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கங்காணியிடம் பேசி அவளைத் திரும்ப எங்கள் கூட்டத்துக்கே கூட்டி வந்தேன். எல்லார் முன்னாலும் இரண்டு குவளை தண்ணீர் குடித்துவிட்டு, தட்டிக்குப் பின்னால் முதலில் நடந்து போனவளும் நான்தான். அந்தப் பத்தடி நடப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மறுநாள் இன்னும் இரண்டு பேர் போனார்கள். வாரக் கடைசியில் தட்டிக்கு முன்னால் வரிசை நின்றது.

அந்த நேரம் பார்த்துத் துரை குதிரையில் வந்து இறங்கினார். தட்டியைக் காட்டி, "இது என்னா?" என்றார். கங்காணிக்கு வேர்த்துவிட்டது. சட்டென்று ஒரு பொய்யைச் சொன்னார்.

"தண்ணி டின்னுக்கு நெழலுங்க தொரை. ஆளுங்க குடிக்க."

"நல்லது. எல்லாக் காட்டிலயும் வை."

அலமாக், அடக் கடவுளே! சொன்ன பொய்யைக் காப்பாற்ற, அன்று மாலையே கங்காணி எல்லாக் காட்டுக்கும் காய்ச்சிய தண்ணீருக்கு டின் தேடி அலைந்தார். தட்டிகளை நாங்கள் கட்டினோம், டின்னுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். இவளைப் போல் சண்டை போடாமல் ஒரு தோட்டத்தையே தண்ணீர் குடிக்க வைத்தவளைப் பார்த்ததில்லை.

ஒன்பது மாதமும் முழுசாக நின்று பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் லயத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டதாம். என் வீட்டுக்காரர் வெளியே உட்கார்ந்து சத்தமாகவே அழுதார்.

ஆனால் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வயிறு ஊதிவிடுமாம். நாக்கை நனைக்க ஒரு சங்கு, அவ்வளவுதான். மூன்றாம் நாள் பால் சரியாக வரவில்லை, குழந்தை வீறிட்டுக்கொண்டே இருந்தது. சுற்றியிருந்த பெண்களைத் தாண்டிக்கொண்டு அவள் ஒரு பெரிய செம்பில் வெந்நீரோடு உள்ளே வந்தாள். யார் தடுத்தும் கேட்கவில்லை.

அவள் செம்பை நீட்டியபோது என்னால் வாங்க முடியவில்லை. இத்தனை மாதம் மனதில் மறைத்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"புள்ள, ஒன்ன அந்தச் சதுப்போரத்துக்கு அனுப்பச் சொன்னது நான்தான்."

"தெரியும்க்கா. அன்னிக்கே கங்காணியாரு சொல்லிட்டாரு."

"நான் விழுந்து கெடந்தப்பவும் தெரியுமா?"

"தெரியும்," என்றாள். "குடிங்கக்கா, ஆறிப்போவுது."

அழுதுகொண்டே குடித்தேன். செம்பு காலியானதும் அதை வாங்கிக்கொண்டு, இன்னொரு செம்பு கொண்டுவர எழுந்து போனாள்.