நடு அறை

அமெரிக்கர்களும் ரஷ்யர்களும் வானத்தில் கைகுலுக்கப் போகிறார்கள் என்று மெல்பேர்ன் முழுவதும் பேசிக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், என் அப்பாவும் மாமாவும் முகம் பார்த்துப் பேசி மாதக்கணக்காகியிருந்தது. மாமா அம்மாவின் தம்பி. ரயிலில் வந்தால் கொஞ்ச நேரம்தான். அவர் ஆசையாக வாங்கிய பழைய காரை, விருந்தாளிகள் முன்னால் அப்பா தகரப் பேணி என்று சொல்லிவிட்டார். மாமா சாப்பாட்டில் பாதியில் எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு போனவர்தான். அதன் பிறகு, அவர் கூப்பிட்டால் வருகிறேன் என்று ஒருவரும், அவனாக வந்தால் வரட்டும் என்று மற்றவரும் இருந்துவிட்டார்கள். அந்த இரண்டு வல்லரசுகளும் எவ்வளவோ மேல்.

இதில் அகப்பட்டவை என் காதுகள். எட்டு வயதாகியும் குத்தவில்லை. தாய்மாமன் மடியில் இருத்தித்தான் குத்த வேண்டும் என்பதில் அம்மா அசையவே மாட்டார். இந்த நாட்டில் அம்மாவின் பக்கத்து உறவு என்று இருந்ததும் மாமா ஒருவர்தான். ஆனால் எனக்குக் காதுதான் பெரிய விஷயம்.

கடைசியில் அம்மா ஒரு காரியம் செய்தார். மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து, "அத்தான்தான் உன்னை வரச் சொன்னவர்" என்றார். பின்னேரம் வேலையால் வந்த அப்பாவிடம், "தம்பி தானாத்தான் வாறன் எண்டு சொன்னவன்" என்றார். இரண்டையும் கேட்டவள் நான் ஒருத்திதான். யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்துவிடும்.

மாமா சனிக்கிழமை வந்தார். ஆளுக்கொரு மூலையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருவரும் தொலைக்காட்சிச் செய்தியையே முறைத்துப் பார்த்தார்கள். இரண்டு விண்கலங்களும் இணைந்துவிட்டன. அப்பா எனக்கு விளக்கினார், மாமாவுக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, சற்றுச் சத்தமாகவே. இரண்டு கலங்களிலும் உள்ள காற்று ஒன்றல்லவாம். நேரே கதவைத் திறந்தால் ஆட்களுக்கு ஆபத்தாம். நடுவில் ஒரு சின்ன அறை இருக்கிறதாம், அதற்குள் காத்திருந்து காற்றைச் சரிப்படுத்திக்கொண்டுதான் அடுத்த பக்கம் போவார்களாம். அந்தக் கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். திறக்கும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு வெறும் தட்டத்தோடு வாசலில் நின்றார். சீனி காணுமா, இன்னும் போட வேண்டுமா என்று மாமாவிடம் கேட்கும்படி அப்பா என்னிடம் சொன்னார். காணும் என்று மாமாவும் என்னிடமே சொன்னார். பிறகு கோப்பையைப் பார்த்தபடி, "அத்தான், நீங்கள் கூப்பிட்டபடியாத்தான் வந்தனான்" என்றார்.

போச்சு. அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஓம்" என்றார் அப்பா. "நான்தான் கூப்பிட்டனான். அண்டைக்குப் பாதியில எழும்பினனீ. இண்டைக்கு இருந்து முழுக்கச் சாப்பிட்டிட்டுப் போ."

அப்பா ஏன் பொய் சொல்கிறார் என்று எனக்குப் புரியவேயில்லை. மாமா வேறு, ஏதோ சிரிப்பை அடக்குகிறவர் போல மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். எப்படியோ காது குத்துவது நிச்சயமாகிவிட்ட சந்தோஷத்தில் அம்மாவைக் கட்டிக்கொள்ள ஓடினேன். அவர் குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கோப்பை கழுவுகிறார் என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டேன். கோப்பைகள் எல்லாம் இன்னும் இவர்கள் கைகளில்தான் இருந்தன.