மீன் தொட்டிக் கண்ணாடியில் ஒரு விளக்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோக் கடையில் பதினேழு வருடம் வேலை பார்த்த அய்யாவு, எத்தனை ஆயிரம் பேரை அடையாள அட்டைக்குப் படமெடுத்திருப்பாரோ தெரியாது. மோவாயைத் தூக்கச் சொல்வார், காது தெரிய முடியை ஒதுக்கச் சொல்வார். அவர்களுக்கெல்லாம் குடிமக்களின் நீல அட்டை, அவருக்குக் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு. பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயத்தில் பிறந்தவர். ரப்பர்ப் பால் வாளிகளை ஒன்று விடாமல் கணக்கெழுதிவைத்த தோட்டத்துக் கிராணிக்கு, பிறந்த பிள்ளைகளை எழுதிவைக்க நேரமில்லை. யாரோ ஒருவரின் அந்த அலட்சியத்துக்காக, நாற்பத்து நான்கு வயதிலும் அய்யாவு பிறந்த நாட்டிலேயே வேலை செய்ய அனுமதிச் சீட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

1983இல் குடியுரிமை நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பப் பாரத்தில் ஒரே ஓர் இடம்தான் காலி: நன்னடத்தைக்குச் சாட்சியாக ஓர் அரசாங்க அதிகாரியின் கையெழுத்து. அய்யாவுக்குத் தெரிந்த ஒரே அதிகாரி சண்முகரத்தினம். அந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் கல்யாணம், காட்சி எல்லாவற்றையும் பதினோரு வருடமாகப் படமெடுத்தவர் அய்யாவுதான்.

"கையெழுத்துத் தானே, வைச்சுத் தாறன்," என்றார் சண்முகரத்தினம். "அதுக்கு முதல் எங்கட கெலிசாவை ஒரு நல்ல படம் எடுத்துத் தாரும்."

கெலிசா என்பது அவர் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் நீந்திய பொன்னிற அதிர்ஷ்ட மீன். அது வந்த மூன்றாம் மாதம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. முப்பது வருடம் கோப்பு புரட்டியதற்கு வந்த உயர்வை அவர் மீனின் கணக்கில் வைத்துவிட்டார்.

"பிளாஷ் மட்டும் அடிக்கப்படாது. வெருண்டு துள்ளி மூடியிலை மண்டையை இடிச்சுப்போடும்."

கடையில் கூட வேலை பார்த்த வாசு சிரித்தான். "மீனு கண்ணு கூசக்கூடாதாம். நம்மள வெயில்ல நிக்க வச்சே பேசுவாரு. மீனுக்கு மரியாதை ஜாஸ்தி லா அண்ணே."

"நமக்குக் கையெழுத்து வேணும்டா," என்றார் அய்யாவு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனார். மங்கிய வெளிச்சத்துக்கான நானூறு வேகப் பிலிம், முக்காலி, ஒரு கறுப்புத் துணி. கூடத்து விளக்குகளை அணைத்து, தொட்டிக்கு மேலிருந்த குழல்விளக்கை மட்டும் எரியவிட்டார். கேமராவின் நிழல் கண்ணாடியில் விழாமல், லென்ஸ் மட்டும் தெரியத் துணியைக் கேமராவைச் சுற்றிக் கட்டினார். அந்த வெளிச்சத்துக்கு ஷட்டர் நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும்; மீன் அசைந்தால் படம் கலங்கிவிடும். கெலிசா மூலைக்கு வந்து திரும்பும்போது மட்டும் ஒரு கணம் நிற்பதைக் கண்டுகொண்டு, அந்தக் கணத்துக்காக முக்கால் மணி நேரம் குனிந்தே நின்றார்.

ஆனால் அந்த மூலையில்தான் எதிரே இருந்த சாமியறைக் குத்துவிளக்கின் சுடர் கண்ணாடியில் விழுந்து, சரியாக மீனின் கண்ணை மறைத்தது. முக்காலியை எங்கே நகர்த்தினாலும் விடவில்லை. சாமியறைக்குக் கதவில்லை, இருந்த ஒரே துணியும் கட்டியாகிவிட்டது. வீட்டம்மாவை "ஆன்டி" என்று இரண்டு முறை கூப்பிட்டார். பதிலில்லை. சண்முகரத்தினம் உள்ளே டெலிபோனில் இருந்தார். மீன் மூலைக்கு வந்துகொண்டிருந்தது. அய்யாவு நாலு எட்டில் போய்ச் சுடரை விரலால் நசுக்கிவிட்டு ஓடிவந்தார். ஆறு படம் விழுந்தது.

திரும்ப ஏற்றிவிடலாமென்று தீக்குச்சியைக் கிழிக்கும்போது, வீட்டம்மா குணபூசணி வாசலில் நின்றார்.

"விளக்கை ஆர் நூத்தது?"

"நான்தான் ஆன்டி. கண்ணாடில வெளிச்சம் அடிச்சுச்சு. கூப்ட்டுப் பார்த்தேன்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா. சாமியறைக்குள்ள ஆர் உம்மைப் போகச் சொன்னது?"

விளக்கு அணைந்தது ஒரு குற்றம். அணைத்த கை எந்த லயத்திலிருந்து வந்த கை என்பது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டாவதை அந்த அம்மா சொல்லவில்லை. மறுபடி ஏற்றுமுன் சாமியறை முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

திங்கட்கிழமை அய்யாவு படத்தோடும் பாரத்தோடும் போனார். சண்முகரத்தினம் படத்தை வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொரு செதிலும் எண்ணலாம் போலிருந்தது.

"கண் உயிரோட பாக்கிறமாதிரி இருக்கு," என்றார்.

"விளக்கு எரிஞ்சிருந்தா அந்தக் கண்ணு வந்திருக்காது சார்."

அவர் படத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பாரத்தைத் திருப்பித் தள்ளினார். "மனுசி ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. வெள்ளிக்கிழமை விளக்கை நூத்தவனுக்கு நல்ல நடத்தை எண்டு எப்பிடியப்பா எழுதிறது?"

படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வேலைச் சீட்டை வருடா வருடம் கையேந்தி வாங்கிய மனிதருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்? "சரி சார்," என்று சொல்லி வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி இராஜம்மா கேட்டதும் விளக்கைப் பற்றித்தான். "வெரலாலயா அணைச்சீங்க? ஒரு பூவெடுத்து அமத்தக்கூடாதா? சாமி குத்தம்ங்க. பின்ன எப்படிக் கையெழுத்துக் கெடைக்கும்?" அதிகாரி செய்ததைச் சாமி செய்ததாக்கி, அவள் அதிகாரியை மன்னித்துவிட்டாள்.

புதன்கிழமை நேர்காணலில் குமாஸ்தா காலி இடத்தைப் பேனாவால் தட்டிக் காட்டி, பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த விண்ணப்பத்துக்குப் பதில் வர ஏழு வருடம் ஆனது. வந்த பதிலும் இல்லை என்பதுதான். அய்யாவு 1996இல் கிள்ளானில் மகன் வீட்டில் இறந்தார். மரணச் சான்றிதழில் பிறந்த இடம் சிலாங்கூர் என்று எழுதினார்கள். அதற்குக் கீழேயே, குடிமகன் அல்லாதவர் என்றும் எழுதினார்கள். இரண்டையும் எழுதியது ஒரே பேனா.